பதினோராவது வரி

காலை ஒன்பது நாற்பது. வேட்புமனு வாங்கக் கடைசி நாள். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இளையவள் தேர்தல் அலுவலகத்தின் மாடியில் தன் கணினியைப் போட்டுவிட்டு, அது கண் விழிப்பதற்குள் ஜன்னலைத் திறந்தாள். நூறு மீட்டர் தள்ளித் தெருவை மறித்து ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆலைக்காரர் கட்சியின் வேன். வேன் கூரையில் ஏறி ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தவன் அவள் அண்ணன்.

அவன் கையசைக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். பிறகு குனிந்து கம்பியை முறுக்கினான்.

நான்கு நாளாக அவள் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. இன்னும் ஐந்து மணி நேரமும் இருபது நிமிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அம்மாவை ஊரில் தபால்காரம்மா என்பார்கள். பத்தொன்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவள். ஆற்றின் இந்தக் கரையில் சைக்கிள். அந்தக் கரைக்குப் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவாள். ஒரு நாள் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். அப்போது இளையவளுக்கு ஆறு வயது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: ஆற்றுக்கு ஒரு பாலம். வாங்கியது அறுநூற்றுப் பதினொரு ஓட்டு.

அடுத்த தேர்தலில் தொள்ளாயிரத்து நாற்பது. அதற்கடுத்து ஆயிரத்து முன்னூற்று எண்பத்தெட்டு. பிறகு இரண்டாயிரத்து இருநூற்றேழு. போன தடவை நாலாயிரத்துப் பதினாறு. ஐந்து தடவையும் டெபாசிட் போனது. இது ஆறாவது.

தேர்தல் இல்லாத வருடங்களில் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டு மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள். தபால்காரம்மா எழுதின படிவம் திரும்பி வராது என்று ஊரில் பேச்சு. உண்மையும் அதுதான்.

தொகுதியின் சரித்திரம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இதுவரை பதினொரு தேர்தல். ஆலைக்காரர் குடும்பம் ஆறு தடவை, வக்கீல் கட்சி நாலு தடவை. நடுவில் ஒரே ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அது வெள்ளம் வந்த வருடம். அந்தக் கரைப் பெட்டிகள் இரண்டு நாள் தாமதமாக வந்தன. அதற்குள் ஆலைக்காரர் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலமே போய்விட்டார். பெட்டிகள் வந்தன, எண்ணினார்கள், மாலையைக் கழற்றினார். அதற்கடுத்த தேர்தலிலிருந்து இரண்டு கட்சியும் அந்தக் கரைக்குப் பாலம் தருவதாகச் சொல்ல ஆரம்பித்தன. மூன்று அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றின்மேல் படகுக்காரர் துணி துவைக்கிறார். ஒன்று டீக்கடைக்குப் படி. மூன்றாவதைக் காணோம்.

வாக்குச்சாவடி எண்ணும் வருடமும் சொன்னால் போதும், யாருக்கு எத்தனை ஓட்டு என்று அம்மா சொல்லிவிடுவாள். சின்ன வயதில் அண்ணன் தன் சிநேகிதர்களைக் கூட்டி வந்து பந்தயம் கட்டுவான். அவன் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

போன தேர்தலில்தான் எல்லாம் கெட்டது. ஆலைக்காரர் மகன் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு ஓட்டில் தோற்றார். தபால்காரம்மாவின் நாலாயிரமும் தங்கள் ஓட்டுதான் என்று அவர் கட்சி முடிவு கட்டியது. வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. அண்ணனின் மைக் செட்டை இரண்டு வருடம் ஒருவரும் வீட்டு விசேஷத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. இளையவளுக்குப் பேசி முடித்திருந்த இடம், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரு சின்னக் கடிதம் போட்டது. அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை. அவளுக்கு முப்பத்தொன்று.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அண்ணியின் அப்பா ஆலைக்காரர் கட்சியின் நகரச் செயலாளர். அவள் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்கம்மா இந்தத் தடவையும் நின்னா நான் இந்தப் படி ஏற மாட்டேன். நீங்க அவங்களுக்குப் பிள்ளையாவே இருந்துக்கங்க."

அம்மா அடுத்த அறையில் இருந்தாள். காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தாள்.

திங்கட்கிழமை இளையவள் அதைப் பார்த்தாள்.

அவள் வேலை வாக்காளர் பட்டியல். தற்காலிக வேலைதான், அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியல் வரும், அதில் அவள் பெயர் மூன்றாவது என்று ஹெட் கிளார்க் சொல்லியிருந்தார். பக்கத்துத் தொகுதியின் பட்டியலில் ஒரு பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருப்பதாகப் புகார் வந்தது. சரிபார்க்கத் திறந்தாள். மூன்றாவது பக்கத்தில் மாமாவின் முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா அம்மாவின் அண்ணன். ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வருடமாக ஒரே வீடு, ஒரே தெரு.

அந்தத் தெரு இப்போது இந்தத் தொகுதியில் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தொகுதி எல்லையைத் திருத்தினார்கள். அந்தக் கரைக் கிராமங்கள் ஏழும் பக்கத்துத் தொகுதிக்குப் போயின. அம்மா ஆட்சேபணை மனு கொடுத்தாள். வரைவு வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைச் சிவப்புப் பென்சிலால் தீட்டி முன்னறைச் சுவரில் ஒட்டினாள். ஊர்ப் பக்கத்தில் எல்லை வாய்க்கால் என்றிருந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மாமா வீடு.

இறுதி ஆணை வந்தபோது அம்மாவுக்குக் கண் அறுவை. இரண்டு கண்ணிலும் கட்டு. இளையவள்தான் ஐம்பத்திரண்டு பக்கத்தையும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். கடைசியில் தனியாக ஒரு தாள் செருகியிருந்தது. பிழைதிருத்தம். தொண்டை வறண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா."

அந்தத் தாளில்தான் இருந்தது. 'வாய்க்கால்' என்பதை 'ரயில் பாதை' என்று வாசிக்கவும். வாய்க்காலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே மூன்று தெரு. அதில் ஒன்று மாமா தெரு.

வேட்புமனுவுக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் பன்னிரண்டு வரி இருக்கும், பத்து போதும். அம்மா சரியாகப் பத்துத்தான் வாங்குவாள். முதல் தேர்தலில் நாலு நாள் முன்னதாகவே மனுவைக் கொடுத்துவிட்டாள். அதற்குள் ஆலைக்காரர் ஆட்கள் கையெழுத்துப் போட்டவர்களை வீடு வீடாகத் தேடிப் போய், 'அது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லச் சொல்லி மிரட்டினார்கள். அந்தப் பத்துப் பேரும் அசையவில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள். யார் அந்தப் பத்துப் பேர் என்று யாருக்கும் சொல்வதில்லை. கடைசி நாள், கடைசி அரை மணியில்தான் மனு.

முதல் வரியில் எப்போதும் மாமா. அதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

படிவத்தில் கேட்பது பெயர், விலாசம், வாக்காளர் அட்டை எண். தொகுதி மாறினாலும் அட்டை எண் மாறாது. அதனால் எழுதும்போது யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக் காலை பதினொரு மணிக்குப் பரிசீலனை. யாராவது எழுந்து, முதல் வரி இந்தத் தொகுதி வாக்காளர் இல்லை என்று சொன்னால் ஒன்பது பேர்தான் மிச்சம். மனு தள்ளுபடி. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

செவ்வாய்க்கிழமை அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.  அண்ணன் கேட்டான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே."

*

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு தடுப்பு வரை நடந்தாள். அண்ணன் வேன் படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கட்சிக்காரர் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். எதிர்ச் சுவர் "ஹலோ" என்றது.

"கேக்குதுண்ணே. நல்லா கேக்குது. கீழ வெச்சிடுங்க," என்றான் அண்ணன். அவர் போன பிறகு இவளைப் பார்த்தான். "சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"காலைல குழந்தை போன் பண்ணினா. அத்தை எங்கன்னு கேட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"நீ என்ன சொன்னே?"

"வேலைல இருக்காங்கன்னேன். சின்ன வேலையா பெரிய வேலையான்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல."

இளையவள் சிரிக்கப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரையும் கொண்டுவந்து விடறேன்னு மாமனார் சொல்லிட்டார்," என்றான் அவன். "பரிசீலனை முடிஞ்சதும்."

"பரிசீலனை முடிஞ்சதுமா? அவருக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் கையிலிருந்த கம்பித் துண்டை வளைத்தான், நிமிர்த்தினான்.

"அண்ணா. நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"நான் என்ன பண்ணட்டும்? அஞ்சு நாளா வீட்ல குழந்தை சத்தம் இல்ல. அவர் கேட்டார், உங்கம்மா விஷயம் என்னதான் ஆகும்னு. சொல்லிட்டேன்."

"ஆக நாளைக்கு எழுந்து சொல்லப் போறது அவர்தான்."

"யார் சொன்னா என்ன? சட்டம்தானே. நாம பொய்க் கையெழுத்துப் போட்டோமா? மனுவைத் திருடினோமா? தப்பு பண்ணினது அம்மா. அதுவும் எப்படிப்பட்ட தப்பு. ஊருக்கே படிவம் எழுதற ஆளு."

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினது நான்."

"அதை நினைச்சு உருகாதே." அவன் குரல் தணிந்தது. "யோசிச்சுப் பாரு. இந்தத் தடவை நின்னா இன்னொரு அஞ்சு வருஷம். கல்லு, பேச்சு, ஒதுக்கல். அம்மாவுக்கு அறுபத்தி நாலு ஆகுது. ஒரு தடவை சும்மா இருக்கட்டுமே. நமக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல? உனக்கு வேண்டாமா?"

அவன் சொன்னதில் அவள் நினைக்காத வார்த்தை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம். நேரமாச்சு."

சாப்பாட்டுப் பையைத் திறக்காமலே திரும்பக் கொண்டு வந்தாள்.

*

இரண்டு மணிக்கு மேல் மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு சேவகர். வேட்பாளரும் கூட நான்கு பேரும்தான் உள்ளே வரலாம். பெரிய கட்சிகள் காலையிலேயே வந்து போய்விட்டன. பெஞ்சில் ஒரே ஒருவர் இருந்தார்: பஸ் கண்டக்டராக இருந்து இந்தத் தடவை சுயேச்சையாக நிற்க வந்தவர். காதோரம் பேனா, மடியில் தாள்கள். வியர்வை தாளில் விழாமல் இருக்க முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துணைக்கு ஒருவரும் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களெல்லாம் டியூட்டியில் இருக்கிறார்கள் என்றார், யாரும் கேட்காமலே.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அம்மா படியேறினாள். சாம்பல் நிறப் பருத்திப் புடவை, தோளில் பழைய தபால் பை. பின்னால் மாமா, படிக்கு ஒரு தடவை நின்று.

இளையவளின் மேசை வராந்தாவின் கோடியில். அம்மா அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அலுவலகத்தில் மகள் இல்லை, ஊழியர். அது அம்மாவின் கட்டுப்பாடு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஹெட் கிளார்க் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு விதியைப் படித்துக் காட்டியிருந்தார்: தேர்தல் பணியில் இருப்பவர் எந்த வேட்பாளரையும் முன்மொழியக் கூடாது, முன்மொழிந்தால் கையெழுத்து செல்லும், வேலை போகும். அதை வீட்டில் சொன்னபோது அம்மா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "சரியான விதி," என்றாள்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். "இந்த மாடிக்கு ஒரு லிஃப்ட் வெக்கணும்னு கோரிக்கையில சேத்துக்க தங்கச்சி."

"முதல்ல பாலம் வரட்டும்ணா."

"பாலம் வர்றதுக்குள்ள என் முட்டி போயிடும்."

அம்மா பையிலிருந்து மனுவை எடுத்தாள். நான்காக மடிக்காத, சுருட்டாத, அட்டையில் வைத்த தாள்கள். கடைசியாக ஒரு தடவை ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். முதல் வரியில் விரல் நிற்கவே இல்லை. தாண்டிப் போய்விட்டது.

இளையவள் கணினித் திரையைப் பார்த்தாள். இன்னும் இருபத்தாறு நிமிடம்.

அம்மா தாளை மூடப்போனவள், பக்கத்தில் பார்த்தாள். கண்டக்டரின் தாள்கள் விசிறிக் காற்றில் படபடத்தன.

"தம்பி, உறுதிமொழித் தாள்ல கையெழுத்து எங்க?"

"போட்டிருக்கேனேம்மா."

"இது மனுவுக்குப் போட்டது. உறுதிமொழிக்குத் தனியாப் போடணும். அதுவும் அதிகாரி முன்னால படிச்சிட்டுப் போடணும். இப்பவே உள்ள போய்ப் படிச்சிடுங்க. விட்டா நாளைக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

கண்டக்டர் தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க? நான் நின்னா உங்க ஓட்டுதானே பிரியும்."

"பிரியட்டும்."

"கோவம் இல்லியே?"

"எனக்கு எதுக்குப்பா கோவம்? தோக்கறதுன்னா பெட்டிக்குள்ள போய்த் தோக்கணும். மேசையில தோக்கக் கூடாது. பஸ்ஸுல ஏத்தாமலே ஆளை இறக்கி விடுவீங்களா?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். "சில்லறை இல்லன்னா விடுவோம்மா," என்று சொல்லி எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து அவர் உறுதிமொழி வாசிப்பது கேட்டது. பஸ் நிறுத்தங்களைச் சொல்வது போல வாசித்தார்.

அம்மா காத்திருந்தாள். அவர் முடித்து வரட்டும் என்று தன் முறையை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தாள்.

இளையவள் எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்திருப்பது தெரிந்தது. பெஞ்சு வரை பதினோரு காலடி.

"அம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இந்த இடத்தில் அந்த வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மாமா கையெழுத்து செல்லாது."

"ஏன்?"

"மாமா தெரு இப்ப நம்ம தொகுதியில இல்ல. பக்கத்துத் தொகுதிக்குப் போயிடுச்சு."

"எல்லை வாய்க்கால். மாமா வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்."

"வாய்க்கால் இல்லம்மா. ரயில் பாதை. கடைசியில மாத்திட்டாங்க."

"நீதானே படிச்சுக் காட்டினே. வாய்க்கால்னு படிச்சே."

"கடைசியில தனியா ஒரு தாள் இருந்தது. அதைப் படிக்கல."

 அம்மா முகத்தில் கோபம் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு தெருவில் நடந்து போய், ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அந்த மூன்று தெருவிலும் அவள் கடிதம் கொடுத்தவள்.

மாமாதான் பேசினார். "ஐம்பது வருஷமா நான் எங்கயும் போகல. வீடு மட்டும் எனக்குத் தெரியாம எப்பப் போச்சு?"

"மணி என்ன?" என்றாள் அம்மா.

"ரெண்டு நாப்பத்தி நாலு."

"ஒன்பது பேர். இன்னும் ஒரு ஆள் வேணும்." அம்மா வராந்தாவைச் சுற்றிப் பார்த்தாள். சேவகர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கும் அதே விதி. கண்டக்டர் வெளியே வந்தவர், "நான் போடட்டுமாம்மா?" என்றார்.

"நீங்க வேட்பாளர் தம்பி. செல்லாது. ரொம்ப நன்றி." அம்மா மகளிடம் திரும்பினாள். "கீழ உன் அண்ணன் இருக்கானே. போன் போடு. ஓடி வந்தா மூணு நிமிஷம்."

இளையவள் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணா. மாடிக்கு வா. ஒரு கையெழுத்து வேணும்."

அந்தப் பக்கம் வேனின் இரைச்சல். பிறகு அவன் குரல். "மணி என்ன?"

"ரெண்டு நாப்பத்தி ஆறு."

"இன்னும் பதினாலு நிமிஷம்தானே." கொஞ்சம் நிறுத்தினான். "பேசாம இருன்னு சொன்னேன்ல."

வைத்துவிட்டான்.

போன் சின்னது, வராந்தா அமைதியானது. அம்மாவுக்குக் கேட்டிருக்குமா என்று இளையவளுக்குத் தெரியவில்லை.

"வர மாட்டான்," என்றாள்.

அம்மா தலையசைத்தாள். மனுவை எடுத்து மறுபடி பையில் வைக்கப் போனாள். அவசரமில்லாமல், அட்டையின் மூலையை முதலில் நுழைத்து. இருபத்தைந்து வருடத்தில் அவள் தாளைத் திரும்ப உள்ளே வைத்து இளையவள் பார்த்ததில்லை.

"குடும்மா," என்றாள்.

"எதுக்கு?"

"எனக்கும் ஓட்டு இருக்கு. இந்தத் தொகுதியிலதான்."

அம்மா புரிந்துகொண்டாள். உள்ளங்கையை விரித்துத் தாளின்மேல் வைத்தாள். "உனக்கு அடுத்த மாசம் லிஸ்ட் வருது. மூணாவது பேரு."

"தெரியும்."

"விதி என்னன்னும் தெரியும்ல?"

"தெரியும். கையை எடும்மா."

"நான் வேலையை விட்டப்ப எனக்கு வேற பைத்தியம். நீ அப்படி இல்ல. நீ வேண்டாம்."

"நேரம் போகுது."

மாமா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினார், சிக்னல் கையைத் தூக்குவது போல. "விடும்மா. அவளே வர்றா," என்றார்.

பன்னிரண்டு வரி. பத்து நிரம்பியிருந்தது. இளையவள் பதினோராவது வரியில் தன் பெயரை எழுதினாள். விலாசம் எழுதினாள். அட்டை எண்ணைப் பார்க்காமல் எழுதினாள். மற்றவர்களின் எண்ணையே நாள் முழுக்க அடிக்கிற கைக்குத் தன் எண் மறக்கவில்லை. கையெழுத்தைப் போட்டபோது பேனா ஒரு தடவை நின்றது. மை தீரவில்லை. அவள்தான் நின்றாள். பிறகு போட்டு முடித்தாள்.

ஹெட் கிளார்க் கதவருகே வந்து நின்றார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. "தபால்காரம்மா, உங்களுக்காகத்தான் கதவு திறந்திருக்கு. வழக்கம்போல."

அம்மா உள்ளே போனாள். உறுதிமொழி வாசித்தாள். ஆறாவது தடவை; தாளைப் பார்க்கவில்லை. ஹெட் கிளார்க் முன்மொழிந்தவர்களின் வரிகளை எண்ணிக்கொண்டு வந்தார். பத்து தாண்டியதும் விரல் நின்றது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற இளையவளைப் பார்த்தார்.

"இதை நான் பார்த்துதான் ஆகணுமா?"

"ஆகணும் சார்."

"விதியைப் படிச்சுக் காட்டினது நான்தான்."

"நல்லாத்தான் படிச்சீங்க சார். எல்லாருக்கும் புரிஞ்சுது."

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை மூன்று மணி வரை அவர் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. முத்திரையை மையில் அழுத்தி எடுத்துக் குத்தினார். இரண்டு ஐம்பத்தாறு என்று கையால் எழுதினார். ரசீதைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்தார்.

பிறகு இவளிடம், "மேசைச் சாவியைக் கொடுத்துட்டுப் போம்மா," என்றார். "சாப்பாட்டுப் பையை மறந்துடாதே."

*

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். சேவகர் சாத்தியபோது சத்தம் வராமல் சாத்தினார்.

கண்டக்டர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். மாமா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, படி இறங்கத் தெம்பு சேர்த்துக்கொண்டிருந்தார். இளையவள் ஜன்னலருகே நின்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் வேன் கூரையில் நின்றுகொண்டு மாடியைப் பார்த்தபடி இருந்தான். யாரோ கீழேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. நாளைச் சாயங்காலம் அண்ணியும் குழந்தையும் வரமாட்டார்கள். அது அவனுக்கு இன்னும் ஒரு நிமிடத்திலோ இரண்டு நிமிடத்திலோ தெரிந்துவிடும்.

அம்மா ரசீதைப் பையின் உள்ளறையில் வைத்துப் பொத்தானை மாட்டினாள். வந்து மகளின் பக்கத்தில் நின்றாள். வெகு நேரம் இருவரும் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல நீ அவன்கிட்ட என்ன விஷயம்னே சொல்லல," என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒரு கையெழுத்து வேணும்னே. அவனும் என்ன கையெழுத்து, எதுக்குன்னு கேக்கல."

இளையவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"